அய்ம்கான் சொன்ன தப்பு

என் அன்புக்குரியவருக்கு,

நரீனில் பனி கொட்டுகிறது. நான் நலம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அயர்லாந்திலிருந்து கிர்கிஸ்தான் வரை போக வேண்டுமா என்று கேட்டீர்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். சந்தையில் ரொட்டி விற்கும் அய்ம்கான், "என் கணவர் லாரி ஓட்டுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் போன வருடம் மலைச்சாலையில் இறந்தது ஊருக்கே தெரியும். "ஓட்டினார்" என்று திருத்தினேன்.

"தெரியும் டீச்சர், சொல்லத்தான் வாய் வரல. இது ஒண்ணு தப்பாவே இருக்கட்டுமே," என்றாள்.

பிறகு பின்வரிசையிலிருந்து சல்கின், "டீச்சருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நம் வீட்டில் நாம் அவன் பெயரையே சொன்னதில்லை. இங்கே அதைக் கரும்பலகையில் எழுதினேன். "என் மகன் ஃபின்டன். அவன் பிடில் வாசிக்கிறான்" என்றேன். வழக்கம்போல் வகுப்பு முழுவதும் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது. அய்ம்கான் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதைக்கு என்னால் அங்கே வர முடியாது. நீங்கள் ஒருமுறை வாருங்கள். இங்கே அவனைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இன்னும் உங்கள் மனைவிதான்.