பல்லி சொன்ன சாட்சி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். செவிலிமேடு பஸ் லேட். சோற்று டப்பாவை வீட்டிலேயே மறந்தாச்சு.

மதியம் நூலக அறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருடன் பயத்தைப் பற்றிப் பேசும் குழு. இந்த வாரம்: மனசு பயமுறுத்தினால் உடனே நம்பாதே, "சாட்சி என்ன?" என்று கேள். தினேஷுக்கு ஒரே குஷி, போலீஸ் விளையாட்டாம். யமுனா வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை பிரேயரில் செய்தி வாசிப்பது அவள் முறை. போன தடவை காய்ச்சல் என்று தப்பித்தவள். இந்தத் தடவையாவது வாசிக்க வேண்டும்.

ஹெச்.எம்.: "அஞ்சு பசங்கள வெச்சுக்கினு என்னாமா பேசறீங்க? கணக்குப் பாடம் அப்படியே கெடக்குது." சிரித்து மழுப்பினேன்.

வாங்க: சீயக்காய், தக்காளி, சிவப்பு ரீஃபில்.

ஜூலை 10, வியாழன்

யமுனா பேசிவிட்டாள்! "நான் படிச்சா எல்லாரும் சிரிப்பாங்க மிஸ்."

"சாட்சி?" என்று தினேஷ் கேட்கவும், சுவரில் பல்லி கத்தவும் சரியாக இருந்தது. என் விரல் தானாக மேசையைத் தட்டிவிட்டது. டொக், டொக், டொக். சின்ன வயசுப் பழக்கம்.

"மிஸ்ஸே தட்டிட்டாங்க! அப்போ பலிச்சுடும்டி!" என்று பக்கத்திலிருந்தவள் கத்தினாள்.

யமுனா முகம் செத்துப்போச்சு. தினேஷ் வைத்தியம் வேறு சொல்கிறான்: "வரதர் கோயில்ல தங்கப் பல்லிய தொட்டுட்டு வந்துடு, சரியாப்பூடும்."

என் மேலேயே எரிச்சல். தக்காளி வாங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தட்டியது என் தப்பு என்று பிள்ளைகளிடமே சொன்னேன். பிறகு, "பல்லி சொன்னது நெசமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

யமுனாதான் முணுமுணுத்தாள்: "படிச்சுப் பாத்தாதான் தெரியும்."

சொல்லிவிட்டு அவளே திருதிருவென்று விழித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரும் வழியில் மல்லிகை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

ராத்திரி மழை. மைதானம் சேறு, பிரேயர் வராந்தாவில். யமுனா வந்திருந்தாள்!

'நாடாளுமன்றம்' வந்ததும் நாக்கு குழறியது. பின்வரிசையில் சிரிப்பு. அவள் நிறுத்தி, நிமிர்ந்து எல்லா வரிசையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அந்தச் செய்தியை முதலிலிருந்து வாசித்து முடித்தாள்.

முடித்ததும் நேராக என்னிடம் ஓடி வந்து, மூச்சு வாங்க:

"பாத்தேன் மிஸ். ஒருத்தன்தான் சிரிச்சுக்கினு இருந்தான். பல்லி எல்லாரும்னு சொல்லிச்சு."