மைனாவின் வாயை முகர்ந்து பார்த்தவன்

இன்று காலை கடையில் கேரட் மூட்டையைப் பிரித்துத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்ததும் இரட்டைக்கால் விட்டதும் வர வர, கை தானாகவே இடப்பக்கத்து வாளியில் போட்டது. பாதி வாளி நிறைந்த பிறகுதான், அதை எடுத்துப்போக நீங்கள் வரமாட்டீர்கள் என்பது உறைத்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. கைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

முதல்முறை நீங்கள் வந்ததும் உடைந்த கேரட்டுக்குத்தான். குதிரைக்கு என்றீர்கள். பேச்சோடு பேச்சாகக் கடையின் உள்பக்கம் எட்டிப் பார்த்தீர்கள். என் மகள் நஸ்ரின் அங்கே நாற்காலியில் இருந்தாள். பிறக்கும்போதே மூச்சு முட்டி மூளை அடிபட்ட பிள்ளை. ஒன்பது வயதாகியும் கழுத்து நிற்காது; பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான். சரிந்துவிடாமலிருக்க அவள் அம்மாவின் துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தோம்.

"பாய், பாப்பாவக் குதிரையேத்தலாமுங்களா?" என்று கேட்டீர்கள்.

இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊட்டி மார்க்கெட்டில் முப்பது வருடமாகக் காய் விற்கிறவன் நான். மூட்டையின் மேல்வரிசை பளபளவென்றிருந்தால் அடியில் அழுகல் இருக்கும் என்பதுதான் நான் படித்த படிப்பு. போதாததற்கு, எண்ணெய் தேய்த்தால் எழுந்து நடப்பாள் என்றவர், தாயத்துக் கட்டியவர், இடுப்புப் பட்டை விற்றவர் என்று எத்தனையோ பேர் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

மனைவி பிடிவாதம் பிடித்ததால் வந்தேன். லவ்டேல் போகும் வழியில் சரிவை வெட்டிச் சமன்செய்த சின்ன மைதானம். பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த நீங்கள் முன்னால் கயிற்றைப் பிடிக்க, இரண்டு பக்கமும் உங்களிடம் வேலை பார்த்த செல்வியும் இன்னொரு பெண்ணும் நஸ்ரினின் தொடையைப் பிடித்துக்கொள்ள, மைனா என்ற அந்தப் பழுப்புக் குதிரை நடந்தது. குதிரையின் இடுப்பு அசைவது மனிதன் நடக்கும்போது அசைவது போலவே இருக்குமாம். மேலே உட்கார்ந்த உடம்பு அதைக் கற்றுக்கொள்ளுமாம். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. நஸ்ரின் திடீரென்று வீறிட்டுக் கத்துவாள். ஏரிக்கரையில் சவாரி போகும் மட்டக்குதிரைகள் ஒரு ஹாரனுக்கே துள்ளும். மைனா காதைக்கூட அசைக்கவில்லை. மருந்து கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரும் பார்க்காத நேரம் அதன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தேன்.

"மோந்து பாத்தாச்சுங்களா பாய்? நானும் வாயத் தொறக்கட்டுங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டீர்கள். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு என் கடைக்கு வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தீர்களே, டீ குடித்தபடி நஸ்ரினையே பார்த்துக்கொண்டு. அதையும் நான் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளையை இந்த மனிதர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று கல்லாவிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதனுக்குப் புதன் ஏற்றி இரண்டு மாதம் போனது. துப்பட்டா இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை நஸ்ரின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனைவி அழுதாள். வளர்கிற வயசு, தானாக வந்த பலம் என்றேன் நான்.

பிறகுதான் அந்தப் புதன்கிழமை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றே, சொல்லாமல், தனியாக, முன்கூட்டியே வந்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மைனாவின் மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். கழுத்து இடப்பக்கம் தொங்கிக் கிடந்தது. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது, விரல்கள் சுருண்டிருந்தன. திடீரென்று வீறிட்டீர்கள். அது என் மகளின் குரல். அச்சு அசல். பக்கத்தில் செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

 என்னை அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கொண்டுவந்த கேரட்டை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு நான் நஸ்ரினை அனுப்பவில்லை. நீங்கள் மூன்று தடவை கடைக்கு வந்தீர்கள். மூன்றாவது தடவை, "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?" என்று கேட்டீர்கள். "வேல சாஸ்தியா இருக்குதுங்க" என்று தராசைப் பார்த்துச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் நஸ்ரினின் முதுகு மறுபடி வளைந்தது. துப்பட்டா மறுபடி நாற்காலிக்கு வந்தது. அந்த ஐந்து மாதத்தை அவளிடமிருந்து எடுத்தது நான்.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் காய் வாங்க வந்தார். அவர் பையனும் நஸ்ரினைப் போலத்தான். நாற்காலியில் அவளைப் பார்த்ததும் உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "எங்கூட்டுக்கு வந்து ஒரு நாளெல்லாம் எம் பையனையே பாத்துட்டிருந்தாருங்க. அப்பறம் பத்து நாளா அவனாட்டமே குதிர மேல சாஞ்சு கெடந்து, கத்தி, காலை ஒதறிப் பழக்குனாருங்க. குதிர உங்க பையன மனப்பாடம் பண்ணோணும், அப்பத்தான் அவன் கத்துனா மெரளாது, அதுக்கு முந்தி ஏத்த மாட்டேன்னுட்டாருங்க."

தராசில் எத்தனை கிலோ வைத்தேன் என்றே தெரியவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

அடுத்த புதன்கிழமையே நஸ்ரினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காரணம் கேட்பீர்கள் என்று பயந்து ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அவளை அப்படியே மைனாமேல் வைக்கப் போனீர்கள். "அஞ்சு மாசமாச்சுங்களே, குதிரைக்கு ஞாபகமிருக்குமுங்களா?" என்றேன்.

"மறக்க உடலீங்க பாய். புதனுக்குப் புதன் நானே பாப்பாவா ஏறீட்டுத்தான் இருந்தன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.  அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நெஞ்சுவலி வந்து முந்திக்கொண்டது. இப்போது எழுதுகிறேன்: அன்று வேலிக்கு வெளியே நின்றவன் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் போன மூன்றாம் வாரம் நஸ்ரின் கத்தியபோது மைனா முதல்முறையாக மிரண்டது. செல்வி பிடித்திருக்காவிட்டால் பிள்ளை விழுந்திருப்பாள். "அண்ணன் செஞ்சாப்புல ஆராச்சும் செய்யோணுமுங்க. இல்லீன்னா இனிப் பாப்பாவ ஏத்த முடியாதுங்க," என்றாள். அவள் கயிற்றைப் பிடிக்க வேண்டும், அந்த இன்னொரு பெண் நஸ்ரினோடு நிற்க வேண்டும். மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

ஏறினேன். பெற்ற மகளை எப்படி நடிப்பது? கேலியாகத்தான் பட்டது. மைதானத்தின் ஓரத்தில் நஸ்ரின் நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதால் இறங்கிவிடுவது என்று எண்ணிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தேன், கையை மடக்கினேன், கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். மைனாவின் முதுகு எனக்குக் கீழே விறைத்து, மெல்லத் தளர்ந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். சிரித்தது நஸ்ரின். ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து, அவள் எனக்குத் திருத்தம் சொன்னாள்.

"அத்தா... கை... இன்னும்... மடக்கு."