எங்களுக்கும் ஓர் ஆனிவர்சரி

1912 நவம்பர் 7

ஆனிவர்சரி என்றால் பள்ளிக்கூட ஆண்டு விழாதான் என்று இன்று காலை மகளிடம் அடித்துச் சொல்லி அசடு வழிந்தேன்.

"கல்யாண நாளுக்கும் அதுதாம்ப்பா. எங்க பள்ளிக்கூடத்து வெள்ளக்காரத் துரைசானியம்மா அன்னைக்குக் கேக்கு வெட்டுனாங்க" என்றாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "நம்ம கல்யாண நாளு என்னைக்கு?" என்று கேட்டாள்.

"பிசான நெல்லு நடவு சமயம்" என்றேன்.

"நடவு மட்டும் நல்லா ஞாபகம் வச்சிருக்கிய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வேதக்கோயில் உபதேசியாரிடம் கெஞ்சிச் சபையின் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினேன். தேதி இன்றைக்குத்தான். தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள்! கருப்பட்டி மிட்டாய் வாங்கிப்போய் நீட்டினேன்.

"உபதேசியார் சொன்னாரோ?" என்று சிரித்தவள், பாதியை எனக்கே பிட்டுத் தந்தாள்.

பதினாறு வருஷம் போனதே தெரியவில்லை, அதனால்தான் நாள் மறந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வாயில் மிட்டாய் இருந்தது.