பல்லா, நெஞ்சா?

அன்புள்ள லெனோராவுக்கு,

நெஞ்சுவலி மறுபடி வந்ததா? மறைக்காமல் எழுது. அலாஸ்கா மீன் ஆலையில் நான் நலம். வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது, அவ்வளவுதான்.

உனக்கு அறுபத்தைந்து ஆகப்போகிறதே என்று, நீ அனுப்பிய தனியார் கம்பெனியின் மெடிகேர் முதியோர் மருத்துவக் காப்பீட்டு விளம்பரத்தோடு நூலகத்துக்குப் போனேன். அங்கே இலவசமாக ஆலோசனை சொல்லும் வில்மா, உன் டாக்டருக்கே போன் போட்டு விசாரித்தார்.

"பல் வைத்தியமும் கண்ணாடியும் இலவசம்னதும் மயங்கிட்டீங்களா? உங்க வீட்டம்மாவோட இதய டாக்டர் இந்தத் திட்டத்துலயே இல்லைங்க!"

அதில் கையெழுத்துப் போடாதே. அரசின் நேரடி மெடிகேரை எடுத்தால் அவரிடமே தொடரலாமாம். மருந்துக்குத் தனித் திட்டம். அதைத் தேர்ந்தெடுக்க உன் மாத்திரைப் பெயர்கள் வேண்டும்.

ஆலைச் சங்கு ஊதுகிறது, வேலைக்கு ஓடுகிறேன். பெயர்களைப் போனில் சொல்லாதே, எழுதியே அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

உன்
ஆர்வில்