பிடுங்கிப் போட்ட ஸ்ட்ராபெரிப் பாத்தி

அன்பு மகன் தெமிருக்கு, டோக்மோக்கிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ நலமாக இருக்கிறோம், நீயும் கொரியாவில் வேளாவேளைக்குத் தின்று தூங்கி உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அல்லா அருள் செய்யட்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் ஆரம்பித்தால் ஷிப்டுக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பக்கத்து வீட்டுப் பையன் மரத் வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பதும் பேச்சுக்குத்தான், இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து முற்றத்தில் ஒரு நடை போய்விட்டு வருகிறேன், டீ ஆறிப்போய்க் கிடக்கிறது, மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நம் பசு கன்று போட்டது, கிடாரி. கிடாரி என்றதும் தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்து தடவு என்றால் என்னைத் திட்டுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனால் என் ஸ்ட்ராபெரிப் பாத்தி முழுக்க வேரோடு பிடுங்கிக் கிடக்கிறது, பழுத்தது காய் எல்லாம் மண்ணில். பக்கத்து வீட்டு ஆடுதான் என்று வேலியோரம் நின்று நான் போட்ட சத்தத்தில் அந்த மரத் பையனோட அப்பா பாவம் ஆட்டையே இழுத்து வந்து காட்டினார், அது கட்டின இடத்தை விட்டு அசையவே இல்லையாம். கடைசியில் பார்த்தால் உன் மகள் பெகிமாய் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், நகமெல்லாம் மண். ஏண்டி இப்படிப் பண்ணினே, உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். அழவில்லை அவள். “அம்மா சாப்பிட்டுடுவாங்க தாத்தா, சாப்பிட்டா பொண்ணு பொறந்துடும்” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் நீ விட்டுவிட்டுப் போன கணினியைக் காட்டினாள். அதில் ஒரு விளையாட்டு, பொம்மை மனிதர்கள் வீடு கட்டிச் சமைத்து வேலைக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காரட் கொடுத்தால் பையனாம், ஸ்ட்ராபெரி கொடுத்தால் பெண்ணாம். கொடுத்தாலும் சில சமயம் தப்பிவிடுமாம். அந்தப் பொம்மைக்காரிக்குக் காரட்டாக ஊட்டுகிறாள், பெண் பிறக்கிறது, உடனே சேமிக்காமல் மூடிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஏன் கண்ணு, அந்தப் பாப்பா நல்லாத்தானே இருக்கு என்றேன். “பொண்ணு பொறந்தா அப்பா வரமாட்டாரு தாத்தா, அதான் கலைச்சுடறேன்” என்கிறாள். பலோ சோற்றில் காரட்டே காணோமே என்று நானும் ஒரு வாரமாக மருமகள் கனிஷாயிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன், இவள் அதையெல்லாம் பொறுக்கி அம்மா தட்டில் போட்டிருக்கிறாள்.

பையன் என்றால் பிள்ளை பிறந்த விருந்துக்கு வருகிறேன், பெண் என்றால் எதற்கு வீண் செலவு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீ கனிஷாயிடம் போனில் சொன்னாயாமே. விளையாட்டாகச் சொல்லியிருப்பாய், ஒன்பது வயதுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெகிமாயும் ஒரு பெண் பிள்ளைதானேடா.

இன்னும் இருக்கிறது. மருமகளாக வந்த நாள் முதல் கனிஷாய் என் எதிரில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியதில்லை, உனக்கே தெரியும். நேற்று நான் பசுவுக்குத் தண்ணீர் காட்டும்போது வந்து நின்றாள். “பொண்ணுதான் மாமா, டாக்டரம்மா போன மாசமே சொல்லிட்டாங்க, அவருகிட்ட சொல்ல வாய் வரல. பெகிமாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தான் சரியா வெளையாடலைன்னு நெனச்சுக்குவா” என்றாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெமிர், பிறக்கப்போவது அதன்பாட்டுக்குப் பிறக்கட்டும், நீ ஏற்கெனவே பிறந்தவளைப் பார்க்க வா. இதைப் படித்ததும் போன் பண்ணு, எனக்கு வேண்டாம், பெகிமாயைக் கூப்பிடச் சொல்லு, உன்னைப் பார்க்கத்தான் வர்றேன்னு உன் வாயால் சொல்லு. கனிஷாயிடம் குரலைத் தாழ்த்திப் பேசு. மரத் கொண்டுவரும் காய்ந்த தயிர் உருண்டையை ஈரத்தில் வைக்காதே. நீ காலெடுத்து வைக்கும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே.

உன் அப்பா,
சிதிக்பெக்

பி.கு. உறையை ஒட்டப்போனேன், பெகிமாய் ஓடி வருகிறாள். கணினியில் பையன் பிறந்துவிட்டானாம். “ஜெயிச்சுட்டேன், இனிமே அப்பா வரலாம்னு எழுதுங்க தாத்தா” என்று குதிக்கிறாள். எழுதிவிட்டேன்.