நான் அடித்துவிட்ட ஆறு வரிகள்

என் செல்லத் தம்பி பிரிட்டோவுக்கு,

வருகிற ஞாயிறோடு நீ போய் முப்பது நாள். திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உன் படம் போட்ட நினைவு அட்டை அச்சாகிறது. பின்பக்கத்தில் விவிலிய வசனம் வேண்டாம், நீ எழுதிய வசந்தக் கவிதையைத்தான் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். போர்வெல் போடும் ரிக் வண்டியில் பாறை துளைத்தவன் கவிதையும் எழுதினான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது, என் பென்சில் கோட்டோடு.

போன பங்குனியில், தவக்காலம் முடிகிற சமயம், சானட் என்கிற ஆங்கிலக் கவிதை வடிவம் என்றால் என்ன என்று கேட்டாய். கல்லூரி வகுப்பில் வருடாவருடம் நான் பாடும் பல்லவியைச் சொன்னேன். மொத்தம் பதினான்கு வரி, எட்டு வரியில் ஒன்றைச் சொல்லி ஒன்பதில் திரும்ப வேண்டும் என்று. அடுத்த வாரமே எழுதிக்கொண்டு வந்து நின்றாய்.

"அக்கா, மார்க் போடு பாப்பம்."

முதல் எட்டும் துதி. நம் கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் புங்க மரங்கள் துளிர்க்க, வேப்பம்பூ கொட்டிய பாதையில் ஆண்டவர் நடந்து வருகிறார். உண்மையிலேயே அசந்துபோனேன். ஒன்பதாம் வரியில் திரும்பினாய். "எல்லாம் துளிர்க்கிறது ஆண்டவரே, என் நெஞ்சுக்குள் மட்டும் கல்தூள்." அதற்குக் கீழே ஐந்து வரியும் மூச்சு கேட்டு மன்றாடுகிறாய்.

நான் என்ன செய்தேன்? கல்தூள் பாவத்தின் உருவகம் என்று ஓரத்தில் எழுதினேன். கடைசி ஆறு வரி வசந்தத்தின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறது, நீக்கலாம் என்று அடித்துவிட்டேன். படித்துவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேனே தவிர, இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, இது பாறைத்தூள், பல வருடமாக நுரையீரலில் இறங்கியது என்றார். உன் ஆறு வரியில் உருவகமே கிடையாது. ஏன்டா நேராகச் சொல்லவில்லை? வண்டியை விட்டு இறங்கச் சொல்வேன் என்றா? இல்லை, கவிதையென்றால்தான் அக்கா காது கொடுப்பாள் என்று நினைத்தாயா?

நேற்று அம்மா கேட்டாள். "ஏஞ் சாமி, இத்தன நாளு உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்கானே. யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருப்பானா?"

"இல்லம்மா, யாருக்கும் தெரியாது" என்றேன்.

சொன்ன கையோடு அச்சகத்துக்குப் போய் முதல் எட்டு வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துக்கத்திலும் எவ்வளவு கெட்டிக்காரி பார், உன் அக்கா. வீட்டுக்கு வந்து உன் காகிதத்தை எடுத்துப் பார்த்தபோதுதான், அதே ஆறு வரியை இரண்டாம் தடவையும் அடித்திருப்பது தெரிந்தது.

இன்று காலை திரும்பப் போய்ப் பதினான்கையும் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்புமுன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறு வரியை வாசிப்பேன். மறுபடியும் அதையே கேட்பாள். சொன்னான் அம்மா, என்னிடம்தான் சொன்னான் என்பேன். அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் கூடப்பிறந்த அக்கா,
ஸ்டெல்லா