வேலைக்குத் திரும்பிய நாள்

14-6-1998, ஞாயிறு

ஆரணி கல்யாண மண்டபத்தில் மூன்று நாளாக நடந்த பல் முகாம் இன்று முடிந்தது. சென்னையிலிருந்து வந்த பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். நாற்பத்தெட்டுப் பேருக்குக் கீழ்த்தாடையின் கடைசிக் கடவாய்ப்பல்லை, ஈறுக்குள் படுத்துக் கிடப்பதை, அறுத்து எடுத்தார்கள். எடுத்த குழியில் ஒரு புது ஜெல் வைக்கிறார்கள். புண் சீக்கிரம் ஆறுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. சென்னையில் ஐம்பது பேருக்கு ஜெல் இல்லாமல் பழைய முறையில் எடுத்தாகிவிட்டது. ஆரணியில் ஜெல்லோடு. இரண்டையும் ஒப்பிடுவார்களாம்.

பேராசிரியர் இராஜமாணிக்கம் குறிப்பெடுக்கத் தோதாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். இருபத்தெட்டு வருடமாக நிருபராக இருக்கிறேன். இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பஸ் நிலைய எஸ்.டி.டி. பூத்திலிருந்து செய்தியை வேலூரில் எங்கள் பேப்பர் ஆபீசுக்கு ஃபேக்ஸ் செய்தேன். இரண்டு பக்கம்.

21-6-1998

ஏழாம் நாள் பரிசோதனை. தையல் பிரித்தார்கள். மாணவ டாக்டர் ஹேமநாத் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினார்: வலி, வீக்கம், எத்தனையாம் நாள் வேலைக்குத் திரும்பினார்கள். பேராசிரியர் கூட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சென்னையில் சராசரி நான்கு நாள். ஆரணியில் இரண்டு நாள் கூட இல்லை. "இதுக்கு மேல இன்னா சார் சாட்சி வேணும்?" என்றார்.

எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

23-6-1998

மூன்றாம் பக்கத்தில் நான்கு பத்தி. "ஒரே நாளில் தறிக்குத் திரும்பிய நெசவாளர்கள்." தலைப்பு என்னுடையது.

23-7-1998, ஆடி அமாவாசை

தறிகளுக்கு விடுமுறை. தெருவே வேறு சத்தமாக இருந்தது. தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பெண்மணி கூப்பிட்டார். பரிமளா. வயது முப்பத்து நான்கு. கணவர் பாலமுருகனோடு வீட்டில் இரண்டு தறி. அவர் கையில் என் செய்தியின் நறுக்கு.

"நீங்கதானே எழுதனது?"

"ஆமாம்மா."

"இதுல நானும் இருக்கேன் போல. தறிக்குத் திரும்பின மகராசி. உதடு இல்லாம திரும்பனேன்னு நீங்க எழுதலியே?"

கீழுதட்டில் வலது பாதியும் முகவாயும் முகாம் அன்று மரத்தது, இன்றும் மரத்தபடியே இருக்கிறது. நாற்பது நாள். காபி குடித்தால் வழிவது தெரிவதில்லை. பாலமுருகன் சொல்லித்தான் துடைக்கிறார். சோற்றோடு உதட்டையும் கடித்துவிடுகிறார். புதுப் பாவு, சேலையின் நீளவாக்கு இழைக்கட்டு, வந்தால் அதன் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். பரிமளாவுக்கு இழையை உதட்டில் கவ்விக்கொண்டு பிணைக்கிற பழக்கம். "இழை இருக்குதா போச்சான்னு உதடுதான் சொல்லும். இப்ப ஊமையாயிட்சி." போன வாரம் மஞ்சள் பாவில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் தன் உதட்டை இழை அறுத்தது அவருக்குத் தெரிந்தது.

"ஏழாம் நாளே அந்தச் சின்ன டாக்டர் கிட்ட சொன்னேண்ணா. ஊசி மருந்து, போயிடும்னாரு. ஏதோ எழுதிகினாரு. நான் சொன்னது எழுதினாரா இல்லியா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இதைக் கேட்பதற்கு என்னிடம் வரவேண்டியிருக்கிறது. நான் அன்று அதே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

25-7-1998

மூன்று தெரு சுற்றினேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: அடுத்த நாளே ஏன் தறியில் உட்கார்ந்தீர்கள், வலி இல்லையா?

நெசவாளர் அய்யாக்கண்ணு சிரித்தார். "வலி இல்லியா? கன்னம் பன்னு மாதிரி வீங்கிகினு, ஒரு கண்ணு மூடிகிச்சு. மத்த கண்ணால நெஞ்சேன்."

"நான்கு நாள் விட்டிருக்கலாமே?"

"பாதிச் சேலை தறியில நிக்குது சார். நாலு நாள் விட்டா விட்ட எடத்துல கோடு விழும். ஆள மாத்தி ஒக்கார வெச்சா பலகை அடிக்கிற அடி மாறிப்போவும், வெளிச்சத்துல புடிச்சா பட்டை தெரியும். கல்யாணக்காரன் ஒத்துக்குவானா?"

அம்மை போட்டாலும் உட்காருவார்களாம். பிரசவத்துக்கு முதல் நாள் வரை உட்கார்ந்தவர்கள் உண்டாம்.

வீட்டுக்கு வந்து ஒரு காபி முழுக்கக் குடித்த பிறகுதான் உறைத்தது. தறியில் பாவு இருந்தால் பல் எடுத்தவரும் உட்காருவார், ஜெல் வைத்தாலும் உட்காருவார், வைக்காவிட்டாலும் உட்காருவார். சென்னையில் எடுத்தவர்கள் ஆபீஸ்காரர்கள், மாணவர்கள். லீவு எழுதிக் கொடுத்துப் படுத்திருப்பார்கள். கல்லூரிக்காரர்கள் அளந்தது ஜெல்லை அல்ல. இவர்கள் அளந்தது நெசவாளரை.

அப்புறம் நான் எதை எழுதினேன்? இந்த ஊரில் பிறந்து, இந்தச் சத்தத்தில் வளர்ந்து - எனக்கு இது தெரியாதா? தெரியும். கேட்கத் தோணலை. அவ்ளோதான். வெட்கக்கேடு.

26-7-1998

நாற்பத்தெட்டில் நாற்பத்தொருவர் நெசவுக் குடும்பம். மீதி ஏழு பேர்: ஆசிரியர் இருவர், கண்டக்டர், மளிகைக்கடைக்காரர், தாலுகா அலுவலகத்தில் மூவர். ஏழு பேரையும் பார்த்தாகிவிட்டது. வேலைக்குத் திரும்பிய நாள்: நான்கு, ஐந்து, மூன்று, நான்கு, நான்கு, ஐந்து, மூன்று. சராசரி நான்கு.

சென்னையின் அதே நான்கு. ஜெல்லோடு.

3-8-1998

சென்னை. பேராசிரியரின் அறையில் பதினெட்டு நிமிடம். காபி வரவழைத்தார். பட்டியலைக் காட்டினேன். படிக்கவில்லை.

"நீங்க பத்திரிகைக்காரர். புள்ளியியல் வேற சப்ஜெக்ட்."

"ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தேன் சார். அவ்வளவுதான் செய்தேன்."

உதட்டைப் பற்றிக் கேட்டேன். இந்தப் பல்லுக்கு அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது, எடுக்கும்போது அடிபடுவது உண்டு, யார் கத்தி பிடித்தாலும் நூற்றில் ஒருவருக்கு நேரலாம் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். நான் கத்தியைக் குறை சொல்லவில்லை. மருத்துவ இதழுக்கு அனுப்பியிருக்கும் உங்கள் கட்டுரையில் அந்த ஒருவர் எங்கே என்று கேட்டேன். ஏழாம் நாள் படிவத்தை எடுத்துக் காட்டினார். பரிமளா, எண் 31. வேலைக்குத் திரும்பிய நாள்: 1. குறை: இல்லை.

"அந்தம்மா வேலை செய்றாங்களா இல்லியா?"

"செய்கிறார்."

"பின்னே என்ன?"

மேசை மேல் ஜெல்லைப் பற்றிய அவருடைய துண்டுப் பிரசுரம் இருந்தது. அதில் என் செய்தியை அப்படியே அச்சடித்திருந்தார்கள், தலைப்போடு. காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

9-8-1998, ஞாயிறு

பரிமளா வீட்டுக்கு ஹேமநாத்தை அனுப்பியிருக்கிறார்கள். கையில் ஒரே தாள். "எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, முழு திருப்தி" என்று தட்டச்சு. கீழே கையெழுத்துக்கு இடம். பாலமுருகன் எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது பரிமளா தறியை விட்டு இறங்கவே இல்லை. கேள்விகள் தறிக்கு மேலிருந்து வந்துகொண்டிருந்தன.

"மொதல்ல முகாம்ல ஒரு பேப்பர் நீட்டினீங்க, ஜல்தி ஜல்தின்னீங்க, போட்டேன். இப்ப இத முழுசாப் படிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லியாமே? யாரு சொன்னது?"

"புரொஃபசர் வாங்கிட்டு வரச் சொன்னாரும்மா."

"அவரு உதடா இது?"

பாலமுருகன் மெல்ல, "போட்டுத் தொலையேன், பேஜார் எதுக்கு" என்றார்.

"நீ போடு. உன் பேர்ல போடு. உன் உதடு நல்லாத்தானே இருக்குது, எந்நேரமும் ஆடிகினே இருக்குது!"

ஹேமநாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலை குனிந்துகொண்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "கண்ணை மூடிக்கோங்கம்மா. தொடறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். பஞ்சைத் திரித்து உதட்டில் தடவினார். இடது பாதி: "ம்." வலது: ஒன்றுமில்லை. ஊசி முனையால் தொட்டார். ஒன்றுமில்லை. உணர்ச்சி நின்றுபோன ஒவ்வொரு இடத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தார். உதட்டின் நடுவிலிருந்து முகவாய் வரை ஒரு நீலக் கோடு. கோட்டுக்குள் மரத்த இடத்தை அளந்தார். நீளம் முப்பத்தொரு மில்லிமீட்டர், அகலம் இருபத்தெட்டு. எழுதிக்கொண்டார்.

பரிமளா கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இதான் அது. இத எழுதுங்க. எழுதினீங்கன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"ஏழாம் நாள் நீங்க சொன்னீங்கம்மா. எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் ஹேமநாத். "நான்தான் 'இல்லை'ன்னு போட்டேன்."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் எதிரில் சொன்னார்.

11-8-1998

திருத்தச் செய்தி வேலூருக்கு அனுப்பினேன். முதல் வரி: "இந்த நிருபர் ஜூன் 23 அன்று எழுதியது தவறு."

12-8-1998

அருள்தாஸ் போன் செய்தார். மாவட்டப் பக்கம் அவர் பொறுப்பு. "அண்ணே, நம்ம பேப்பரே நம்ம பேப்பரைப் பொய்னு சொல்லணுமா? முகாமைப் பாராட்டி எழுதினோம், முடிஞ்சுது. விடுங்க."

"பொய் இல்லை, தவறு. இரண்டும் வேறு."

"சொல்லைப் பத்தி இன்னொரு நாள் சண்டை போடலாம். இது வராது."

இது வராவிட்டால் என்னிடமிருந்து வேறெதுவும் வராது என்றேன். மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது. இன்னும் இருபத்தெட்டு வருடம் நான் அங்கேதான் இருப்பேன் என்று நினைத்திருப்பார்.

20-8-1998

எட்டு நாள். ஒரு வரி அனுப்பவில்லை. கண்ணமங்கலம் சாலையில் பஸ் கவிழ்ந்தது. பதினோரு பேருக்குக் காயம். அதையும் அனுப்பவில்லை. கை அரித்தது.

29-8-1998

அடையாள அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம். அனுப்பிவிட்டேன். என் மனைவி பொன்னம்மாள்: "ஊரான் வீட்டு உதட்டுக்கு நம்ம வீட்டு வேல போச்சா?" பிறகு அவளே, "அந்தப் பொண்ணு இன்னும் கையெழுத்துப் போடல இல்ல?" என்றாள். இல்லை என்றேன். "போடாம இருக்கட்டும்."

6-9-1998, ஞாயிறு

நாற்பத்தெட்டுப் பேரின் விவரமும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது: பெயர், தொழில், தறியில் பாவு இருந்ததா, வேலைக்குத் திரும்பிய நாள், அன்று வலி இருந்ததா. நாற்பத்தொரு நெசவாளரில் முப்பத்தெட்டுப் பேருக்கு அன்று பாவு இருந்தது. முப்பத்தெட்டுப் பேருமே மறுநாள் உட்கார்ந்தவர்கள். பாவு இல்லாத மூவர் நான்கு நாள் படுத்தவர்கள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு ஒன்று, கட்டுரை போயிருக்கிற மருத்துவ இதழுக்கு ஒன்று. நாளை பதிவுத் தபாலில் போகும். செய்தி எழுதுவது போலத்தான் எழுதினேன்: யார், எங்கே, எப்போது. பெயரடை ஒன்றுகூட இல்லை.

2-10-1998

பதில் இல்லை.

19-11-1998

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பரிமளா பாவு பிணைக்கும் விதத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். இழையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்கிறார். "வேலை மெதுவாத்தான் வருது. ஆனா அவங்க எழுதற வரைக்கும் வலது பக்கத்த யாருகிட்டயும் நல்லாயிட்சின்னு சொல்ல மாட்டேன்."

14-1-1999

நெறிமுறைக் குழு என்னையும் பரிமளாவையும் சென்னைக்கு அழைத்திருக்கிறது. பிப்ரவரி 8. கடிதம் நேற்று, போகியன்று வந்தது.

8-2-1999

ஐந்து பேர் கொண்ட குழு. பேராசிரியர் ஒரு ஓரத்தில். பரிமளாவிடம் ஒருவர் கனிவாகத்தான் கேட்டார்: இவ்வளவு கஷ்டம் என்கிறீர்களே, அடுத்த நாளே வேலை செய்தது ஏன்?

"உங்க வீட்டுக் கல்யாணப் பொடவைல பட்டை விழுந்தா நீங்க வாங்குவீங்களா சார்?"

பிறகு ஹேமநாத் எழுந்து, ஏழாம் நாள் படிவத்தில் தான் செய்ததைச் சொன்னார். முழுதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பரிமளா ஆற்காடு வரை தூங்கினார். நான் தூங்கவில்லை.

16-5-1999

நேற்று ஹேமநாத்திடமிருந்து தபால். இதழில் வந்த, திருத்தப்பட்ட கட்டுரையின் நகல். ஜெல்லால் வேலைக்குத் திரும்பும் நாள் குறைந்ததாகச் சொல்ல முடியாது என்று முடிவில் இருக்கிறது. பேராசிரியர் பெயர் முதலில்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கீழே பாதிப்புகள் என்ற அட்டவணையில் ஒரே வரி. பரிமளா வீட்டுக்குக் கொண்டுபோய், வரியைக் காட்டி, தமிழில் சொன்னேன்: எண் 31, பெண், 34, நெசவு. கீழுதட்டின் வலது பாதியில் உணர்விழப்பு. பத்து மாதத்துக்குப் பிறகும் நீடிக்கிறது.

இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

"என் பேரு எங்க?"

"பேர் போட மாட்டார்கள். நோயாளியின் பெயரை வெளியிடக்கூடாது. அது விதி. உங்கள் நன்மைக்குத்தான்."

"எனக்கு நல்லது நான் பாத்துக்கறேன். பேனா குடுங்க."

31-க்குப் பக்கத்தில், அச்சின் மேலேயே, அழுத்தமாக எழுதினார்: பா. பரிமளா, ஆரணி. ஊதிக் காயவைத்தார். காற்று உதட்டின் இடப்பக்கமாகப் போனது.

"இன்னொரு காப்பி எடுக்கலாமாண்ணா? அந்தப் பெரிய டாக்டருக்கு ஒண்ணு அனுப்பணும்."